அந்த 25 மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

கொட்டாரத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டேன். இயற்கை என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க ஆசை. வீட்டில் நர்சிங் சேரச் சொல்கிறார்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே சேரலாம்? எல்லா டிகிரியிலும் சுற்றுச்சூழல் ஒரு பேப்பராக வருகிறதே, அதற்குப் போய் மூன்று வருடமா என்று அண்ணன் கேலி செய்கிறான்.

ஷைனி

அன்புள்ள ஷைனி,

உன் அண்ணன் கேட்டதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே அந்தப் பேப்பர் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. வேலை விஷயத்தை இப்போது விட்டுவிடு. நர்சிங் நல்ல படிப்பு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக ஓர் ஆறு மாதப் பாடத்திட்டம் வகுத்தது. வகுத்தவர்கள் விவரமானவர்கள். 100 மதிப்பெண்ணில் 25-ஐக் களப்பணிக்கு ஒதுக்கினார்கள். உள்ளூர் ஆற்றையோ காட்டையோ மலையையோ போய்ப் பார், மாசுபட்ட ஓர் இடத்தைப் பார், சாதாரணச் செடி, பூச்சி, பறவைகளைக் கவனி, ஒரு குளத்தைப் படி என்று எழுதியே வைத்தார்கள்.

அந்த 25 என்ன ஆயிற்று? ஒரு கல்லூரியில் களப்பணி ஏடுகளைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அத்தனை ஏட்டிலும் ஒரே குளம். கைடில் இருந்த படம், அம்புக்குறி, தவளை, பாம்பு, பருந்து. ஒரு பிள்ளைகூடத் தன் ஊர்க் குளத்தின் பெயரை எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட ஆசிரியரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. குளத்துக்குப் பஞ்சமான ஊரா இது?

நீ நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினால் வழியில் சுசீந்திரம் குளம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, வேம்பனூர் ஈரநிலமும் அதே வருடம். ராம்சர் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதுகிற பிள்ளை, அந்தக் குளத்தைத் தாண்டும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்துக் குளங்களில் வளர்க்கிற தாமரையை எடுத்துக்கொள். பூ தோவாளைச் சந்தைக்குப் போகிறது, பறிப்பவர் வீட்டில் அடுப்பெரிகிறது. நீளவால் இலைக்கோழி அந்த இலைமேல் நடந்துதான் இரை தேடுகிறது. சரி, நல்லதுதானே? ஆனால் இலை குளத்தை முழுக்க மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் இறங்காது, தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் திணறும், வலை வீச இடமிருக்காது. அப்படியானால் எவ்வளவு தாமரை விடலாம்? யார் தீர்மானிப்பது? வயலெல்லாம் வீட்டுமனை ஆன பிறகு குளத்து மடையைத் திறந்து மூட யார் வருவார்கள்? இதற்கு வேதியியல் வேண்டும், தாவரவியல் வேண்டும், சந்தைக் கணக்கு வேண்டும், விவசாயியிடமும் மீன்பிடிப்பவரிடமும் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும். அதற்குத்தான் மூன்று வருடம். அதுவே பத்தாது என்று அண்ணனிடம் சொல்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இயற்கை உயிர் என்கிறாய். கடிதத்தில் ஒரு பறவை இல்லை, ஒரு மரம் இல்லை, கொட்டாரத்துக் காற்றுகூட இல்லை. உனக்குப் பாசம் இருக்கிறது, நம்புகிறேன். அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் படிப்புக்குப் போகாதே மகளே. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, பார்த்ததைத் தேதி போட்டு எழுத ஆரம்பி.

அப்புறம், கல்லூரி. பக்கத்தில் சுற்றுச்சூழல் அறிவியலே பட்டப்படிப்பாகக் கிடைக்காவிட்டால் விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ எடு. முதுகலையில் மாறிக்கொள்ளலாம். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. காடுதான் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி. எங்கே போனாலும் சேருவதற்கு முன் ஆசிரியர் ஒருவரிடம் கேள்: களப்பணிக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? அவர் பதில் சொல்லத் திணறினால் விண்ணப்பத்தைக் கொடுக்காமல் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடு.