உப்புக்காற்றில் நேரலை: வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கடிதங்களில், கல்லூரிகள் சேர்ந்து போட்டி நடத்துவது, அதைப் படம்பிடித்துக் காட்டுவது பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் பக்கத்தில் ஏழு கல்லூரிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கபடிப் போட்டி நடத்தலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். அமெரிக்காவில் கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்று கூட்டுச் சேர்ந்து தொலைக்காட்சியில் கோடிகோடியாகச் சம்பாதிக்கிறார்களாமே, அந்த முறை நமக்கு ஒத்துவருமா?
– உடற்கல்வி இயக்குநர், கீழக்கரை

முறை ஒத்துவரும். கோடியை மறந்துவிடுங்கள்.

அங்கே 1984 வரை எந்தக் கல்லூரியின் கால்பந்தாட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. (அவர்கள் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.) ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தரப்பு தொடுத்த வழக்கில், இது போட்டியை முடக்கும் ஏகபோகம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உரிமை கல்லூரிகளிடம் திரும்பியது. அவை தம் கூட்டமைப்பு வழியாக மொத்தமாகப் பேரம் பேசத் தொடங்கின. பிக் டென் என்ற கூட்டமைப்பு 2007-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியுடனும், எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்பு 2014-ல் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியுடனும் சேர்ந்து சொந்தச் சேனல் தொடங்கியது அந்த வழியில்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பாக்-12-ன் கதையை. மேற்குக் கரைக் கல்லூரிகள் பன்னிரண்டின் கூட்டமைப்பு அது. 2012-ல் யாரையும் பங்காளியாகச் சேர்க்காமல், தேசியச் சேனல் ஒன்று, வட்டாரச் சேனல் ஆறு என்று ஏழு சேனல்களைத் தானே தொடங்கியது. முழுவதும் சொந்தம். ஆனால் டைரக்ட் டிவி என்ற பெரிய டிஷ் நிறுவனத்துடன் கடைசிவரை ஒப்பந்தம் கூடிவரவில்லை. பந்தி நிறையச் சமைத்துவிட்டு இலைக்கு அலைந்த கதைதான். வருமானத்தில் பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் எங்கோ போய்விட்டன. பாக்-12-ன் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2024-ல் முடியவிருந்தது. அதற்குப் பிறகு கல்லூரிகளைக் கட்டிவைக்க ஒரு தாளும் இல்லை. 2022-ல் இரண்டு கல்லூரிகள் கிளம்புவதாக அறிவித்தன, 2023-ல் இன்னும் எட்டு. 2024-ல் மிஞ்சியவை இரண்டே. சேனல்களும் அந்த ஆண்டு ஜூனோடு மூடப்பட்டன.

பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்போ தன் உறுப்பினர்களிடம் ஒளிபரப்பு உரிமையை எழுத்தில் வாங்கிவைத்திருந்தது. அதனால் டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் ஓராண்டு முன்கூட்டிக் கிளம்ப, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே கேமராவுக்கு விலை கேட்பதற்கு முன்னால் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை ஏழு முதல்வர்களும் கையெழுத்திட்டு வையுங்கள். எத்தனை ஆண்டு, நேரலை உரிமை யாரிடம், பழைய பதிவுகள் யாருக்கு, விளம்பரப் பணத்தில் செலவுபோக மிச்சம் எப்படிப் பிரியும், நடுவில் விலகும் கல்லூரி எதை விட்டுப்போகும் என்பவை அதில் இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு இங்கே பலருக்கும் கண்ணில் படுவதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஐந்தாண்டுக்கு மேலோ, வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பார்க்கவோ வேண்டுமென்றால் அதை எழுதியாக வேண்டும்.

உள்ளூர் ஸ்டூடியோ ஒன்று போட்டி முழுவதையும் இலவசமாகவே எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. சம்மதிக்கலாமா?
– விளையாட்டுச் செயலர், பரமக்குடி

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17-வது பிரிவு. இலவசம் என்றால் அந்தப் பிடி உங்கள் கையில் இல்லை, படம் ஸ்டூடியோவின் சொத்தாகிவிடும். ஒரு தொகை பேசி, ரசீது வாங்கி, 'பதிவின் உரிமை கூட்டமைப்புக்கே' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வெட்டாத முழுப் பதிவையும் போட்டி முடிந்த அன்றே ஹார்டு டிஸ்க்கில் வாங்கிவிடுங்கள்.

ஏழு அணி, ஒரே ஆடுகளம், மூன்று நாள். லீக் முறையில் முடிக்க முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியர், ஏர்வாடி

கணக்குப் போட்டால் முடியும், களத்தில் முடியாது. ஏழு அணி ஒன்றோடொன்று மோத 21 ஆட்டம், அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 24. ஆண்கள் ஆட்டம் 20-5-20 நிமிடம் (பாதி, இடைவேளை, பாதி). டைம் அவுட், காயம், அணி மாறுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம். காலை 7 முதல் 10 வரை மூன்று, மாலை 3.30 முதல் 6.30 வரை மூன்று, விளக்கொளியில் இரண்டு என நாளுக்கு எட்டு. மூன்று நாளுக்குச் சரியாக 24. ஒரு மழை, ஒரு தகராறு வந்தால் இறுதியாட்டம் நள்ளிரவுக்குப் போகும். இரவு 10 மணிக்கு மேல் மைக்கும் போட முடியாது.

நான்கு அணி ஒரு பூல், மூன்று அணி ஒரு பூல் என்று பிரியுங்கள். 6 + 3 = 9 ஆட்டம், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. மொத்தம் 12. இரண்டு நாளில் நான்கு இடம் கையிருப்பு மிஞ்சும், மூன்றாம் நாளைப் பெண்கள் போட்டிக்கு முழுதாகக் கொடுக்கலாம். பெண்களுக்கு ஆடுகளம் 12 × 8 மீட்டர், ஆட்டம் 15-5-15 நிமிடம், ஆகவே முக்கால் மணிக்கு ஒன்று போதும். பெண்கள் இறுதியாட்டத்தைக் காலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு 'பார்க்க ஆளில்லை' என்று அலுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. மாலை ஆறு மணியை அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பருவத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை இந்தக் கரையில் திறந்தவெளிப் போட்டிக்கு ஆகாது. பொங்கல் கழிந்து மாசிவரை நல்ல காலம்.

மொபைல் டேட்டாவில் நேரலை செய்தோம். முதல் நாள் சரியாக ஒன்றரை மணி நேரத்தில் படம் உறைந்தது. மறுநாள் வேறு சிம் போட்டும் அரையிறுதியில் மறுபடி உறைந்தது. கேமராக் கோளாறா?
– மாணவர், தொண்டி

கேமராவில் தவறில்லை. இரண்டு நாளும் வேறு வேறு நோய்.

முதல் நாளுடையது தினசரி அளவு. விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு 1.35 ஜிபி போகும். நாளுக்கு 2 ஜிபி என்ற பேக் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தீரும், அப்புறம் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதில் படம் நகராது. தினசரி வரம்பில்லாத மொத்த டேட்டா பேக் வாங்குங்கள். எட்டு மணி நேர நாளுக்கு 11 ஜிபி, சோதனைக்கும் சேர்த்து 15 ஜிபி.

இரண்டாம் நாளுடையது கூட்டம். அரையிறுதிக்கு ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் போனும் அதே டவரைத்தான் பிடிக்கும். காலி மைதானத்தில் பார்த்த வேகத்தை நம்பி இறங்கியவர்கள் எல்லோரும் இதில்தான் சறுக்குகிறார்கள். இரட்டை சிம் போன் இதற்கு உதவாது, அது ஒரு நேரத்தில் ஒரு சிம்மின் டேட்டாவைத்தான் எடுக்கும். இரண்டையும் சேர்த்து அனுப்ப அதற்கென்றே உள்ள 'பாண்டிங்' கருவியோ செயலியோ வேண்டும்.

நிலையான வழி கேபிள்காரரின் ஃபைபர் இணைப்புதான். மைதானம்வரை கம்பி வராவிட்டால், பக்கத்து வீட்டு ஃபைபரிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி ஒன்றை எதிரெதிரே வைத்துக் கொண்டுவரலாம். அரை கிலோமீட்டர் அதற்குச் சாதாரணம். ஆனால் ஒன்றையொன்று கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் நாலு பனை நின்றாலும் சிக்னல் தேய்ந்துவிடும். மொட்டை மாடிக்கு மேல் ஒரு குழாய் நட்டு உயர்த்துங்கள். பதிவேற்ற வேகம் நீங்கள் அனுப்புவதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

நேரலை அனுப்பும் ஓ.பி.எஸ். மென்பொருளின் அமைப்புகளில் கீ-ஃபிரேம் இடைவெளி 2 விநாடி, பிட்ரேட் நிலையானது, ஒலி 128 கேபிபிஎஸ், படம் 720 போதும். உறையும்போது கீழே வரும் எண்ணைப் பாருங்கள். 'டிராப்டு ஃபிரேம்' ஏறினால் நெட்வொர்க், 'என்கோடிங் லேக்' ஏறினால் கணினி திணறுகிறது. நெட்வொர்க் என்றால் பிட்ரேட்டை 3-லிருந்து 2-க்கு இறக்குங்கள். எதுவானாலும் கணினியிலோ கேமரா கார்டிலோ ஒரு பதிவு தனியாக ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் டிவி கோபுரம் நிற்கிறதே, அதன் வழியாக நம் போட்டியை அனுப்பக் கூடாதா?
– வாசகி, மண்டபம்

அந்தக் கோபுரம் கட்டப்பட்டது, தூர்தர்ஷன் நிகழ்ச்சியைச் சுற்றுவட்டாரத்தில் பரப்புவதற்கு. அதில் எது ஓட வேண்டும் என்று முடிவாவது வேறிடத்தில். தமிழ் நிகழ்ச்சிக்குச் சென்னை நிலையத்தைத்தான் அணுக வேண்டும் (பொதிகை, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது). மூன்று நாள் போட்டிக்கு நேரலை கேட்பதைவிட, பத்து நிமிடத் தொகுப்பைச் சுத்தமாக வெட்டிக் கொடுத்தால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். உள்ளூர் கேபிள் சேனலில் போடுவதென்றால், அந்தச் சேனல் முறையாகப் பதிவானதுதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கபடிக்கு எத்தனை கேமரா? எங்கே வைப்பது? இரவு ஆட்டத்தில் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது, அது ஏன்?
– காட்சித் தொடர்பியல் மாணவி, இராமநாதபுரம்

இரண்டு போதும். முதன்மைக் கேமரா நடுக்கோட்டுக்கு நேராக, பக்கக் கோட்டிலிருந்து 8 முதல் 10 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரச் சாரத்தில். இரண்டு முனைக்கோடும் ஒரே சட்டகத்துக்குள் விழ வேண்டும். ஆடுகளத்துக்கு மேற்குப் பக்கம் நில்லுங்கள். மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிர்ப்பக்கம் நின்றால் வீரர்கள் எல்லோரும் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார்கள். அந்தச் சாரத்தில் வர்ணனையாளரையோ வேடிக்கை பார்ப்பவரையோ ஏற்றாதீர்கள், அவர்கள் குதித்தால் படமும் குதிக்கும். இரண்டாவது கேமரா, முதல் கேமரா நிற்கும் அதே பக்கத்தில், மூலையில் தாழ்வாக, போனஸ் கோடு தெரியும்படி. ரைடு 30 விநாடிதான், பாதியில் கேமரா மாற்றினால் தொட்டாரா இல்லையா என்பதே போய்விடும். ரைடர் கோட்டைத் தாண்டித் திரும்பிய பிறகு மாற்றுங்கள். திரையில் புள்ளி போடுபவர் ஸ்கோரர் மேசையிலேயே உட்காரட்டும். நடுவர் கையைப் பார்த்துப் புள்ளி போட்டால் ஆட்டத்துக்கு ஒரு சண்டை நிச்சயம்.

கோடு ஓடுவது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கும் கேமராவுக்கும் உள்ள பிணக்கு. ஃபிரேம் 25 அல்லது 50, ஷட்டர் 1/50 அல்லது 1/100. பல போன்கள் 30 ஃபிரேம், 60 ஹெர்ட்ஸ் என்றே வரும், அமைப்புகளில் 50-க்கு மாற்றுங்கள். அப்படியும் கோடு மெல்ல ஊர்ந்தால் குற்றவாளி ஜெனரேட்டர். சுமை ஏறி இறங்கும்போது அதன் ஹெர்ட்ஸும் ஆடும். ஜூஸ் கடை மிக்ஸியையும் விளக்கையும் ஒரே ஜெனரேட்டரில் மாட்டாதீர்கள். மெட்டல் ஹாலைடு விளக்கு ஒருமுறை அணைந்தால் ஆறி மறுபடி எரிய 10, 15 நிமிடமாகும் என்பதால், கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுவதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

வர்ணனை கேட்கவில்லை, காற்றிரைச்சலும் 'ம்ம்ம்' என்ற ஓசையும்தான் வருகிறது.
– வர்ணனையாளர், பெரியபட்டினம்

மைக்செட் குழாயிலிருந்து வரும் சத்தத்தைக் கேமரா மைக்கில் பிடிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறோம். மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து தனி வயர் எடுங்கள். அந்த வெளியீடு 'லைன்' அளவு, மைக்கிலிருந்து வருவதைவிடப் பலமானது. மைக் துளையில் நேராகச் செருகினால் ஒலி கிழியும். 'ம்ம்ம்' என்பது இரண்டு இடத்தில் எர்த் ஆகும்போது வரும் 50 ஹெர்ட்ஸ். அந்த ஒலி வயருக்கு நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போய்விடும். கணினியின் எர்த் பின்னைப் பிடுங்கிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஈர மணலில் அது உயிரோடு விளையாடுவது.

காற்றுக்குப் பஞ்சு உறை போதாது, சோளகம் அடிக்கும் மாதங்களில் ரோம உறையே வேண்டும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். குரல் முந்தி, படம் பிந்தி வந்தால் கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிந்து பார்த்து, அந்த வித்தியாசத்துக்கு ஒலியைத் தாமதப்படுத்துங்கள்.

இடைவேளையில் சினிமாப் பாட்டு போகும்போது நேரலைக்கான ஒலியை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் யூடியூப் அதைக் கண்டுபிடித்துப் பதிவையே முடக்கலாம்.

டிரோன் பறக்கவிடலாமா?
– மாணவர், உச்சிப்புளி

உங்கள் ஊரிலேயே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. டிரோன்களுக்கான மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக உள்ள இடத்தில் மத்திய அரசு அனுமதியின்றிப் பறக்கவிடுவது குற்றம். உயரத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் கல்லூரி மொட்டை மாடி இருக்கிறது.

போட்டி முடிந்து ஒரு மாதத்தில் கேபிள் முனைகள் பச்சை பூத்துவிட்டன. என்ன செய்வது?
– ஆய்வகப் பொறுப்பாளர், தேவிப்பட்டினம்

உப்பு. தினமும் ஆட்டம் முடிந்ததும் டிரைபாட், கேபிள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். முனைகளுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பச்சை ஆழமாக ஏறியிருந்தால் முனையை வெட்டிப் புதிது போடுங்கள். லென்ஸின் மேல் ஒரு யுவி கண்ணாடி நிரந்தரமாக இருக்கட்டும், முதலில் உப்புப் படிவது அதில்தான். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துவந்தால் அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், உள்ளே பனி பூக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் மணலில் கிடக்கக் கூடாது. கழுவிக் காயவைத்த மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.