வேலையா போற ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா? கேளுங்க, சொல்றேன்

கோயமுத்தூர்ல பம்பு கம்பெனில சர்வீஸ் இன்ஜினியரா 22 வருஷம் ஓட்டியாச்சுங்க. சுரங்கம், ஸ்டீல் பிளான்ட்னு எங்க மோட்டார் நின்னாலும் பெட்டிய தூக்கிட்டு கிளம்பிடணும். அப்படிப் போறப்போ பாத்துட்டு வந்த சொந்தபந்தம், சிநேகிதம் நிறைய. கேள்வி அனுப்பினவங்களுக்கு தெரிஞ்சதச் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, போற வழியில நாக்பூர்ல ஃப்ரெண்ட் இருக்கான், டெல்லிக்கு டிக்கெட் எடுத்தா நடுவுல இறங்கிக்கலாமா?

பதில்: இறங்கலாம் தம்பி, இந்த விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 500 கிலோமீட்டருக்கு மேல இருக்கிற டிக்கெட்டுக்கு பிரேக் ஜர்னி உண்டு, ஆனா முதல் 500ஐ தாண்டின பிறகுதான் இறங்கணும். 1000 வரைக்கும் ஒரு தடவை, அதுக்கு மேல ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் வரைக்கும் தங்கலாம், வந்து இறங்கின நாளும் கிளம்புற நாளும் அந்தக் கணக்குல வராது. சென்னை டெல்லி 2,180 கிலோமீட்டர் சொச்சம், நாக்பூர் கிட்டத்தட்ட பாதி, அதனால தாராளமா சரிவரும். ராஜ்தானி, சதாப்தி மாதிரி வண்டிக்கு மட்டும் இது கிடையாது. கவுன்டர்ல ஃபார்ம் எழுதும்போதே எங்க இறங்குறேன்னு சொல்லிடு, இல்லாட்டி மீதி தூரத்துக்கு பெர்த் இல்லாம நிக்கணும்.

கேள்வி: சார், யார் வீட்டுக்கும் சொல்லாம போய் நின்னா சந்தோஷப்படுவாங்களா?

பதில்: படமாட்டாங்க. முந்தின நாள் போன் பண்ணுங்க, ஆனா சாப்பாட்டுக்கு வரேன்னு மட்டும் வாய் விடாதீங்க. ஒரு தடவை ஃப்ரெண்ட் வீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வரேன்னு சொல்லிட்டேன், பம்ப மாட்டி ஓட்டிப் பாத்தா சீல்ல தண்ணி ஒழுகுது, திரும்பக் கழட்டி மாட்டி முடிக்கிறப்போ மணி பதினொன்னு. போய்ப் பாத்தா ஃப்ரெண்டோட சம்சாரம் சாப்பிடாம உக்காந்திருக்கு, குழந்தைங்க ரெண்டும் சோபாவுலயே தூங்கிப்போச்சு, மேசைல குழம்பு ஆறி மேல ஏடு படிஞ்சு கிடக்குது. அதுல இருந்து எல்லார்கிட்டயும் "சாப்பிட்டுட்டு வந்து காப்பி குடிக்கிறேன்"தாங்க.

கேள்வி: கையில என்ன கொண்டு போறது? ஸ்வீட் பாக்ஸ் போதுமா?

பதில்: ஸ்வீட் அங்கயும் கிடைக்குதே! ஒடிசாவுல ரூர்கேலாங்கிற ஊர்ல எங்க அத்தை இருக்காங்க, மாமா ஸ்டீல் பிளான்ட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, நம்ம ஊர்ப்பக்கம் வந்தே பல வருஷம் ஆச்சு. ஆலப்புழை தன்பாத் வண்டில கோயமுத்தூர்லயே ஏறிக்கலாம், ரெண்டு ராத்திரி வண்டியிலதான். கறிவேப்பிலைய தண்ணி படாம நியூஸ் பேப்பர்ல சுத்தி மஞ்சப்பையில வெச்சு கொண்டு போனேன். அத்தை பிரிச்சு ஒரு கொத்து மூக்குகிட்ட வெச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம உள்ள போயி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு டப்பாவ வெளிய எடுத்து வெச்சு இடம் பண்ணுச்சு. தாளிக்கிறதுக்கு நாலே நாலு இலைதான் எடுத்துச்சு. ஃபிளைட்ல போறவங்களுக்கு ஒண்ணு: கொப்பரைத் தேங்காய வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, எண்ணெய் ஜாஸ்தி, தானா சூடாகி தீப்பிடிக்கும்னு ஏத்தமாட்டாங்க.

கேள்வி: சொந்தக்காரங்க வீட்டுலயே தங்கிட்டு கம்பெனிக்கு ரூம் பில் போட்டுக்கலாமாங்க?

பதில்: வேண்டாம் சாமி. நிறைய கம்பெனில ரூம் எடுக்காம சொந்த ஏற்பாட்டுல தங்கினா அதுக்குன்னே ஒரு அலவன்ஸ் தர்றாங்க, ஹெச்ஆர்ல கேட்டு அத வாங்குங்க. நான் எப்பவும் ரூம் போட்டுட்டுதான் போவேன். ரெண்டு ரூம் வீட்டுல நமக்காக ஒருத்தர் ஹால்ல படுக்கிறதப் பாக்க முடியாதுங்க, காலைல அஞ்சு மணிக்கு பிளான்ட்ல இருந்து போன் வந்தா வீடே முழிச்சுக்கும்.

கேள்வி: ஒரே ஊர்ல சித்தப்பாவும் இருக்காரு, மாமாவும் இருக்காரு, ரெண்டு பேருக்கும் ஆகாது. எனக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கு.

பதில்: இதுக்கு என்கிட்டயே இன்னும் முழுசா வழி இல்லீங்க! வயசானவர் வீட்டுக்கு முதல்ல போங்க, அங்க இருந்தே இன்னொருத்தருக்கு போன் பண்ணாதீங்க, தெருமுனைக்கு வந்து பண்ணுங்க. ரெண்டு வீட்டுலயும் காப்பி குடிச்சுடுங்க. ஒரு வீட்டுல வேண்டாம்னு சொன்னீங்கன்னா அடுத்த கல்யாணத்துல அத சொல்லிக் காட்டுவாங்க.