காழகத்து ஆக்கம்

கேள்வி: 'கடாரம்' என்ற சொல்லுக்குக் கொப்பரை என்று அகராதி பொருள் தருகிறது. இராசேந்திர சோழன் வென்ற ஊருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் என்ன?

பதில்: கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் வடமேற்கில் உள்ள கெடா. வடமொழி நூல்கள் அதைக் 'கடாகம்' என்று எழுதின. 'அண்டகடாகம்' என்று நாம் சொல்லும்போது வரும் கடாகமும் கொப்பரைதான். அங்கே காதில் விழுந்த பெயருக்குக் கடலோடிகள் தம்மிடம் இருந்த சொல்லைப் பொருத்திக்கொண்டார்கள் என்றே நான் கொள்கிறேன். ஊர் கொப்பரை வடிவில் இருந்தது என்பதும், கடாரங்காய் அங்கிருந்துதான் வந்தது என்பதும் ஒலியை மட்டும் நம்பிச் சொல்லப்படுபவை. அவற்றை இந்தப் பக்கத்தில் பலமுறை மறுத்திருக்கிறேன், இனியும் மறுப்பேன்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய சொல் 'வென்ற' என்பது. கடாரம் என்றதும் நமக்கு 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அதைப் பாடும் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி, அருமையான தமிழ் என்பதில் ஐயமில்லை. பதின்மூன்று ஊர்களை அடுக்கி, 'தொடுகடற் காவற் கடுமுரட் கடாரம்' என்று முடிக்கும்போது, ஆழ்கடலையே அகழியாகக் கொண்ட ஊர் நான்கு சொற்களில் கண்முன் எழுகிறது. ஆனால் அதே இராசேந்திரன், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்குத் தன் தந்தை இராசராசன் வழங்கிய ஆனைமங்கலம் என்ற ஊரின் கொடையை நிலைநிறுத்திச் சாசனம் செய்தவன் என்பதையும் ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. கடாரத்தான் நம் கரையில் விருந்தினனாகவும் கொடையாளனாகவும் இருந்த காலம் அது. மெய்க்கீர்த்தியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் இந்தச் செப்பேட்டையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

இலக்கியத்தில் இந்தப் பெயர் படைக்கு முன்பே பண்டத்தோடு வந்துவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்தவற்றைச் சொல்லும் பட்டினப்பாலை, 'ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்' என்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதிக்கு உரை சொல்லும் அடியார்க்குநல்லார், அகில் வகைகளை அருமணவன், தக்கோலி, கிடாரவன் என்று எண்ணுகிறார். கிடாரம் என்பது கடாரத்தின் மற்றொரு வடிவம். ஊரின் பெயரே ஒரு மணப்பொருளின் பெயராக ஆகியிருக்கிறது. போர்க்களத்தில் பெற்ற எந்த அடைமொழியையும்விட இது அந்த ஊருக்கு நெருக்கமான பெயர் என்று எனக்குப் படுகிறது.

வடக்கேயும் இதே நிலைதான். இராசேந்திரன் கலம் செலுத்திய அதே 11-ஆம் நூற்றாண்டில், கடலையே காணாத காசுமீரத்தில் இருந்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்பில், வங்கத்தின் பழைய துறைமுகமான தாமிரலிப்தியின் வணிகன் குகசேனன் வாணிகத்துக்காகக் கடாகத் தீவுக்குப் போகிறான். பிரிந்திருக்கும் கணவன் மனைவி இருவரிடமும் ஆளுக்கொரு செந்தாமரை இருக்கிறது. ஒருவர் நெறி தவறினால் மற்றவர் கையில் உள்ள மலர் வாடிவிடும். அந்தக் கதையில் கடாரம் என்பது கணவன் பொருள் தேடிப் போன தொலைவு, வீட்டில் ஒருத்தி நாள்தோறும் மலரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் தொலைவு.