தோட்டத்து வீட்டுக்கு செப்டிக் டேங்க்: ரிங் இறக்கினால் போதுமா?

பல்லடம் பக்கம் தோட்டத்தில் ஐந்து பேருக்கு வீடு கட்டுகிறீர்கள், பாதாளச் சாக்கடை இல்லை. கொத்தனார் "சிமெண்ட் ரிங் இறக்கிக்கலாம், தண்ணி நின்னா வறண்ட போர்வெல்ல விட்டுக்கலாம்" என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாங்க.

அடி பூசாத ரிங் குழி செப்டிக் டேங்க் ஆகாது. செப்டிக் டேங்க் என்றால் அடியும் சுவரும் நீர் கசியாத தொட்டி. மலம் அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் நீர்தான் வெளியேறும். அந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமி அப்படியே இருக்கும். அதைச் சுத்தம் செய்வது, அந்த நீரை மண்ணில் இறங்க விடும் உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண்தான்.

வறண்ட போரில் விட்டால் இந்த மண்ணுக்கு வேலையே இல்லை. நம் பகுதி கடினப் பாறை. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது, பக்கத்துத் தோட்டத்து போருக்கும் அதே வெடிப்பில்தான் தண்ணீர் வரும். ஒருமுறை கெட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

அளவுக்கு இந்தியத் தர நிர்ணயம் 2470 இருக்கிறது. ஐந்து பேருக்கு உள்ளளவு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீர் ஆழம் சுமார் 1 மீட்டர், அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம். விருந்தாளி வருவார்கள் என்றால் பத்துப் பேர் கணக்கே நல்லது: 2 × 0.9 × 1.4 மீட்டர். கொள்ளளவு 2000 லிட்டரைத் தாண்டுவதால் நடுவில் தடுப்புச் சுவர் வேண்டும், முதல் அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே வரும் குழாய் வெளியேறும் குழாயைவிட 5 முதல் 7.5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரண்டு முனையிலும் 'டீ' (T வடிவக் குழாய்) மாட்டுங்கள். வெளியேறும் முனையில் அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஆடை உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணை அடைத்துவிடும். குழி நிரம்பி வழிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பூச்சு முடிந்ததும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒருநாள் விட்டு மட்டம் இறங்குகிறதா பாருங்கள்.

உறிஞ்சு குழி கிணறு, போர் போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர், வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தோண்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். 10 செ.மீ. அகலத்தில், உறிஞ்சு குழி அமையும் ஆழம் வரை ஒரு துளை போட்டு, அடியில் 5 செ.மீ. சரளை பரப்பி, ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் சரளைக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி போதும். 60 வரை என்றால் நீள வாய்க்காலாகப் பரப்ப வேண்டும். அதற்கும் மேல் என்றால், கரிசலில் இப்படி வரும், சரளை வடிகட்டித் தொட்டி தனியாகக் கட்ட வேண்டும். அந்த நிலத்தில் எத்தனை ரிங் இறக்கினாலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்.

குளியல், பாத்திரத் தண்ணீரைத் தனிக் குழாயில் தென்னைக்கு விடுங்கள். கழிவறையில் ஆசிட் ஊற்றுவதைக் குறையுங்கள், கசடைச் செரிக்கும் நுண்ணுயிர் செத்துவிடும்.

2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் உள்ள லாரியை அழைத்துக் கசடை எடுக்க வேண்டும், உதவி எண் 14420. எடுத்த கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், ஓடைக்கோ நொய்யலுக்கோ அல்ல. அடைப்பு எடுக்க ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் போய்விடுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி இறக்கியவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.