18 பேருக்குச் சொதி

அன்புள்ள ஐயா,

நலம்தானே? நானும் மனைவியும் மேடவாக்கத்தில் இருக்கிறோம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். இந்தப் பொங்கல் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா, அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம், மனைவி வழியில் மாமனார், மாமியார், மைத்துனன் என்று எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. எங்களையும் சேர்த்து 18 பேர், அதில் 5 குழந்தைகள். போன வருஷம் வெளியில் ஆர்டர் கொடுத்திருந்தோம். பன்னிரண்டரைக்கு வர வேண்டிய சாப்பாடு 3 மணிக்கு வந்தது. சாம்பார் ஊசிப்போயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மோரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். அதனால் இந்தத் தடவை வீட்டிலேயே சமைப்பது என்று முடிவு.

இரண்டு பர்னர் அடுப்பு, 5 லிட்டர் குக்கர், ஒரு சின்ன மிக்ஸி, இவ்வளவுதான் எங்களிடம். சாம்பார் சாதம் போதும், ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும் என்கிறாள் மனைவி. எனக்கு, நீங்கள் முன்பு எழுதியிருந்த திருநெல்வேலிச் சொதியை, அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை, செய்து பார்க்க ஆசை. ஆனால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்று கேட்கிறவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். அம்மாவோ, "நாலு பேர் வருகிற இடத்தில் நாலு பொரியலாவது வேண்டாமா?" என்கிறார். சுலபமாகவும் இருக்க வேண்டும், விருந்து மாதிரியும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

எஸ்.,
மேடவாக்கம்

அன்புள்ள எஸ்.,

சொதியே வையுங்கள்.

சாம்பார் சாதம் சுலபம் என்பது நாலு பேருக்குச் சமைக்கிறவரைக்கும்தான். அரிசியும் பருப்பும் வேகவைக்கும்போது குக்கரில் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நுரைத்துக்கொண்டு வந்து ஆவி போகிற வழியை அடைத்துவிடும். உங்கள் 5 லிட்டர் குக்கருக்கு ஒரு ஈடு என்பது அரைக்கிலோ அரிசி. சாம்பார் சாதத்துக்குத் தண்ணீர் கூட, அதனால் அரிசி அதிலும் குறையும். ஐந்தாறு தடவை வைத்து இறக்கி, இரவல் வாங்கிய அண்டாவில் கொட்டி, தோள்பட்டை வலிக்கக் கிளறி, அடிப்பிடித்துவிட்டதா என்று மோந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இவ்வளவும் முடித்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கரண்டி அதில் நட்டுக்கொண்டு நிற்கும்.

விருந்துக்கு என்ன சமைப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். முதல் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இந்தப் புத்தி எனக்குப் பூரியால் வந்தது. கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் 20 பேருக்குப் பூரி போடுகிறேன் என்று சட்டியின் முன்னால் நின்றேன். ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்கும், "என்னப்பா ஜோக்கு?" என்று இங்கிருந்து கத்துவேன், யாரோ ஒருவர் பாதியைச் சொல்லிவிட்டு அடுத்த பூரியை எடுத்துக்கொண்டு போவார். கடைசி ஆள் கிளம்பும்போதுதான் நான் வெளியே வந்தேன், சட்டையெல்லாம் எண்ணெய். அன்றோடு பூரி, தோசை, வடை, சப்பாத்தி எல்லாவற்றையும் கூட்டம் கூடுகிற நாளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது இது: சொதி, வெள்ளைச் சோறு, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ், புளியோதரை, தயிர்சாதம், ஒரு கேசரி. சிப்ஸைக் கடையில் வாங்குங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். புளிக்காய்ச்சல் வெள்ளிக்கிழமை ராத்திரி, இஞ்சிப் பச்சடி சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சுவது சோறும் சொதியும், தயிர்சாதமும் கேசரியும்தான். அரிசி மொத்தம் 2 கிலோ, அதாவது குக்கரில் 4 ஈடு. தயிர்சாதத்துக்கு ஒன்று, புளியோதரைக்கு ஒன்று, இந்த இரண்டும் 10 மணிக்குள். மற்ற இரண்டு ஈடும் பதினொன்றரைக்குமேல் வைத்து நேராக ஹாட்பேக்கில்.

அம்மாவின் நாலு பொரியலுக்குப் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு சொதி. அதனாலேயே மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். புதுச் சம்பந்திகள், குறை கண்டுபிடிக்கவென்றே வந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம். அந்த இலையில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் விழுந்துவிட்டால் சாம்பார் எங்கே, கூட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. (யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் சொதி என்றால் இடியாப்பத்தைத் தேடுவார்கள். அது மஞ்சள் போட்டு நீர்க்க வைப்பது. பெயர்தான் ஒன்று, பண்டம் வேறு.)

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். தேங்காய்ப்பால் திரிவது மாயமந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் தேங்காய் எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக மிதக்கிறது, தேங்காயில் உள்ள புரதம் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பிடித்து வைத்திருக்கிறது. தளதளவென்று கொதித்தால் புரதம் வெந்து பிடி விட்டுப்போகும், எண்ணெய் தனியே பிரிந்து மேலே வரும். புளிப்பு பட்டாலும் பிடி தளரும். அதனால்தான் ஒரே தேங்காயைத் திரும்பத் திரும்ப அரைத்துப் பிழிந்து மூன்று பாலாக எடுக்கிறோம். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் நீர்த்தவை, அவற்றில் காய் வேகலாம். முதல் பால் கெட்டி, அது கொதியே பார்க்கக் கூடாது.

18 பேருக்குப் பெரிய தேங்காய் 4. துருவ நேரம் இருக்காது, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். சின்ன மிக்ஸியில் 7, 8 தடவை அரைக்க வேண்டியிருக்கும். இடையில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். பல மிக்ஸிகளில் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும், மோட்டார் சூடேறினால் அது வெளியே வந்துவிடும். பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் பால் நன்றாக இறங்கும். முதல் பால் முக்கால் லிட்டர் கிடைத்தால் போதும். சனிக்கிழமை சாயங்காலமே பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் பார்த்தால் மேலே வெண்ணெய் மாதிரிக் கட்டியாக நிற்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், வெளியே வைத்தால் இளகிவிடும்.

பாசிப்பருப்பு 200 கிராம், லேசாக வறுத்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மூன்றும் அரையரைக் கிலோ, பச்சைப்பட்டாணி ஒரு கை, முருங்கைக்காய் 4, சின்ன வெங்காயம் கால் கிலோ. 15 பச்சைமிளகாயும் 50 கிராம் இஞ்சியும் சேர்த்து விழுதாக அரையுங்கள். வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, விழுதைப் போட்டுப் பச்சை வாசனை போக வதக்கி, காய்களைப் போட்டு மூன்றாம் பால் ஊற்றி மூடுங்கள். உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் முக்கால் பதம் வெந்ததும் இரண்டாம் பால், பருப்பு, உப்பு. இதெல்லாம் எந்தக் குழம்புக்கும் உள்ளதுதான். மஞ்சள்தூள் போடக் கூடாது, சொதி வெள்ளையாக இருக்க வேண்டும்.

காய் வெந்ததும் தீயைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்றி அகப்பையால் கிண்டிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான், போன் வந்தாலும் எடுக்காதீர்கள். இரண்டு நிமிஷத்தில் பாத்திரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பொடி நுரை கட்டும், நடுவில் இன்னும் ஒன்றும் இருக்காது. எங்க ஆச்சி அதைப் "பால் சிரிக்குது" என்பாள். சிரிக்கும்போதே இறக்கிவிட வேண்டும், வாய்விட்டுச் சிரிக்க விடக் கூடாது. இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தபிறகு 4 எலுமிச்சம்பழச் சாறு. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ருசி பாருங்கள், பழத்துக்குப் பழம் சாறு வித்தியாசப்படும். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் முந்திரிப்பருப்பும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

திரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே ஆகியிருக்கிறது. அத்தான் ஒரு தடவை ரயில் தாமதமாகி மூன்றரை மணிக்கு வந்தார். சூடாகப் போடவேண்டும் என்ற மரியாதையில் சொதியை அப்படியே பெரிய தீயில் வைத்துவிட்டு இலை நறுக்கப் போனேன். திரும்பி வந்தால் மேலே எண்ணெய் வளையம் வளையமாக மிதக்கிறது, அடியில் தண்ணீர், நடுவில் துணுக்குத் துணுக்காக வெள்ளை. அத்தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மோர்க்குழம்பு நல்லாருக்கே, இதுல எதுக்கு முருங்கைக்கா போட்டே?" என்றார். மதினி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள். ருசி கெடவில்லை என்பதைக் கவனியுங்கள், கெட்டது பார்வை மட்டும். மறுபடி சூடு பண்ண வேண்டுமென்றால் அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

இஞ்சிப் பச்சடியை விட்டுவிடாதீர்கள். நாலு தேங்காய்ப் பாலைக் குடித்துவிட்டு வயிறு சும்மா இருக்காது, அதற்குத்தான் இஞ்சி. 150 கிராம் இஞ்சியைத் தோல் சீவி நறுக்கி நல்லெண்ணெயில் நன்றாக வதக்குங்கள். கொஞ்சம் உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய் வறுத்துச் சேர்த்து, புளி, வெல்லம், உப்போடு அரைத்தால் சரி.

புளியோதரைக்கு அரைக்கிலோ அரிசி என்றால் புளி 80 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி. எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினால் சோறு தொண்டையில் அடைக்கும். புளிக்கரைசல் சுண்டி எண்ணெய் மேலே மிதக்கிறவரை கொதிக்க வேண்டும், அதுவரை அவசரப்படாதீர்கள். வெந்தயம், தனியா, எள், வற்றல் மிளகாய் வறுத்த பொடியைக் கடைசியில் போடுங்கள். வறுத்த நிலக்கடலையைக் காய்ச்சலோடு சேர்த்தால் இரண்டு நாளில் நமுத்துப்போகும், சாதம் கலக்கும்போது போட்டுக்கொள்ளலாம். கலந்தது மூன்று மணி நேரமாவது ஊற வேண்டும். ஞாயிறு காலையில் கலந்தால் மதியத்துக்குச் சரியாக வரும்.

தயிர்சாதத்தில் பலரும் தயிரைத்தான் கொட்டுகிறார்கள், மதியத்துக்குள் புளித்துவிடுகிறது என்று பிறகு புலம்புகிறார்கள். அரைக்கிலோ அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, ஒரு லிட்டர் காய்ச்சிய பாலும் சூடு ஆறியபிறகு ஒரு சின்னக் கிண்ணம் தயிரும் விட்டு வையுங்கள். பரிமாறுகிற நேரத்துக்கு அது தானாகவே உறைந்து இளம் புளிப்பில் இருக்கும். இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் பால். குழந்தைகள் 5 பேருக்கும் இதுவும் சிப்ஸும்தான் விருந்து, மாதுளை முத்து தூவினால் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கேசரி உங்களுக்கே தெரிந்திருக்கும். பாயசம் வேண்டாம் என்பதற்குக் காரணம் சேமியாவும் ஜவ்வரிசியும் இருக்கிற பாலையெல்லாம் குடித்துவிடும் என்பது, கூடவே அடுப்பு இரண்டுதான் என்பது.

இலை வாங்கிவிடுங்கள், தட்டு கழுவுகிற வேலை போகும். ஹாலில் ஒரே நேரத்தில் 18 பேர் உட்கார முடியாது, இரண்டு பந்தி வைக்க வேண்டியிருக்கும். முதல் பந்தியில் பெரியவர்களும் குழந்தைகளும். இரண்டாவதில் நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள், பரிமாற மைத்துனன் இருக்கிறானே.

அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எலுமிச்சை பிழிந்து உப்புப் பார்க்கிற வேலை. மீதி இருந்தால் சொதி மறுநாள் காலை இட்லிக்கு ஆகும், ராத்திரி மறக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.