உறைந்து சிக்கிய ஸ்பிரெடர்: குளிர்காலத்தில் குதிரை லத்தியைக் கையாளும் முறை

கேள்வி: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நான்கு குதிரைகள் வைத்திருக்கிறோம். லாயத்தில் அள்ளும் லத்தியை நேராக ஸ்பிரெடரில் (எருவை நிலத்தில் தூவும் இழுவை வண்டியில்) கொட்டி, நிரம்பியதும் 35 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டி மேய்ச்சல் நிலத்தில் தூவிவிடுவது வழக்கம். ஜனவரியில் ஓரிரவு குளிர் மைனஸ் 18 டிகிரிக்குப் போனது. மறுநாள் காலை பி.டி.ஓ.வை (டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை ஸ்பிரெடருக்குக் கடத்தும் தண்டை) போட்டதும் ஷியர் போல்ட் அறுந்தது. புதிதாக மாட்டியதும் அறுந்தது. இன்னும் உறுதியான போல்ட் போடலாமா? சிக்கிய வண்டியை எப்படி விடுவிப்பது?

பதில்: உறுதியான போல்ட் வேண்டவே வேண்டாம். மற்ற பாகங்களைக் காப்பாற்றத் தான் அறுந்துபோவதுதான் ஷியர் போல்ட்டின் வேலை. கையேடு கிரேடு 2 என்று சொல்லும் இடத்தில் அதைவிட மிக வலுவான கிரேடு 8 மாட்டினால், அடுத்த முறை போல்ட் தாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸின் பல்லோ, சங்கிலியின் கண்ணியோ உடையும். சில காசு போல்ட்டுக்குப் பதில் சில நூறு டாலர் செலவு. உங்கள் போல்ட் இரண்டு முறை அறுந்தது, அடியில் எதுவும் நகரவில்லை என்பதற்கான எச்சரிக்கை. மூன்றாவதை மாட்டும் முன் காரணத்தைப் பாருங்கள்.

புது லத்தியில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் தண்ணீர். லாயத்தில் படுக்கையாகப் பரப்பிய, மூத்திரம் ஊறிய மரச்சீவலும் சேரும்போது ஈரம் கசிந்து வண்டியின் தளத்துக்கு இறங்குகிறது. தளத்துக்கு அடியில் குளிர்காற்று ஓடுவதால் உறைதல் அங்கே சீக்கிரம் பிடிக்கிறது. நடுவில் முள்கரண்டி குத்தினால் லத்தி இளகலாகவே இருக்கும். ஆனால் சுமையைப் பின்னோக்கித் தள்ளும் தரைச்சங்கிலியும் அதில் பூட்டிய குறுக்குச் சட்டங்களும் தளத்தோடு பனிக்கட்டியாக ஒட்டியிருக்கும். சங்கிலி தளத்தின் மேல் பின்னோக்கிப் போய், அடியில் முன்னோக்கித் திரும்புகிறது. சொட்டிய நீர் அந்த அடிப்பக்கத்திலும் உறைந்திருக்கும். பலர் மேலே மட்டும் கொத்திவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள்; சட்டம் வளைவது அப்போதுதான்.

விடுவிக்கும் முன் பி.டி.ஓ.வைத் துண்டியுங்கள். எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 9 சுற்று. தளர்ந்த கையுறை நூலோ கழுத்துத்துணியோ மாட்டினால் கையை இழுக்க நேரமே கிடைக்காது. குளிர்காலத்தில் நாம் அடுக்கடுக்காக உடுத்தியிருப்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும் கொட்டகை ஏதாவது கிடைத்தால் வண்டியை அங்கே இழுத்துப் போய் நிறுத்துவதே நல்ல வழி. முழு சுமை இளக இரண்டு மூன்று நாள் ஆகலாம். அப்படி இடமில்லையென்றால் சுமையைக் கையால்தான் இறக்க வேண்டும். பின்பக்கம், பீட்டர் (லத்தியைச் சிதறி வீசும் சுழல் உருளை) இருக்கும் முனையில் தொடங்குங்கள். மேல்தோட்டைக் கடப்பாரையால் பிளந்து, உள்ளே இருக்கும் இளகிய பகுதியை முள்கரண்டியால் வாரிவிடலாம். பீட்டரில் வைக்கோல் கட்டின் சணல் சுற்றி உறைந்திருந்தால் அதை அறுத்தெடுத்து, பீட்டர் கையால் அசைகிறதா என்று பாருங்கள். பீட்டர் நின்றிருக்கும்போது தரைச்சங்கிலி ஓடினால் சுமை முழுவதும் அதன்மேல் போய் முட்டும்.

தளம் தெரிந்ததும் சட்டங்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கடப்பாரையின் தட்டை முனையைச் சட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவே செலுத்தி, சங்கிலிக்குப் பக்கத்தில் நெம்புங்கள். நடுவில் நெம்பினால் சட்டம் வளையும். வார்ப்பிரும்புப் பற்சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். கடுங்குளிரில் அது இன்னும் எளிதில் விரிசல் விடும். அதன் பற்களுக்கு இடையே உள்ள பனியைச் சுரண்டியே எடுக்க வேண்டும். அது இருந்தால் சங்கிலி பல் மேல் ஏறித் தாண்டும், ஒருபக்கம் முந்தி ஒருபக்கம் பிந்தி சட்டமெல்லாம் கோணலாகும். பிறகு அடிப்பக்கச் சங்கிலியையும் இதே போல் பாருங்கள். இரண்டு பக்கத் தொய்வும் ஒன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்த பின், கையேடு சொல்லும் போல்ட்டை மாட்டி, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து வெறும் வண்டியைச் சில அடி மட்டும் ஓட்டுங்கள்.

வாயு அடுப்புச் சுடரால் சூடாக்குவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வைக்கோல், மரத்தளம் அல்லது பிளாஸ்டிக் தளம், கிரீஸ், டயர் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும் பொருளின்மேல் சுடரைக் காட்டக் கூடாது. வெந்நீரும் வெளியில் பயன்படாது; ஊற்றிய நீர் அரை மணியில் புதுப் பனியாகிவிடும். உப்பு இரும்பைத் தின்னும்.

இனி மூலகாரணத்துக்கு வருவோம். உங்கள் ஸ்பிரெடர் கிடங்காகப் பயன்பட்டிருக்கிறது. நிரப்பிய லத்தி உறைபனி இரவைத் தாண்டி அதில் இருக்கக் கூடாது. நிரப்பினால் அந்த மணிநேரத்திலேயே காலி செய்ய வேண்டும்.

ஆனால் வெர்மான்டில் குளிர்காலத்தில் காலி செய்யவே முடியாது. நான்கு குதிரையும் குறைந்தது நான்கு ஏக்கர் நிலமும் இருந்தாலே மாநிலத்தின் வேளாண் நடைமுறை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். டிசம்பர் 15 முதல் ஏப்ரல் 1 வரை லத்தியை நிலத்தில் தூவ அவ்விதிகள் தடை விதிக்கின்றன. விதியின் நியாயம் எளியது: உறைந்த மண் எதையும் உறிஞ்சாது. பனி உருகும்போது மேலே கிடந்த லத்தியின் நைட்ரஜனும் பாஸ்பரசும் கிருமிகளும் சேர்ந்து ஓடைக்குப் போய்விடும். வெர்மான்ட் எல்லையிலுள்ள சாம்ப்ளெய்ன் ஏரியில் கோடையில் படரும் நீலப்பச்சைப் பாசிக்கு முக்கியத் தீனி பாஸ்பரஸ்தான்.

எனவே குளிர்காலத்துக்கு ஸ்பிரெடரை ஒதுக்கிவிட்டு, குவியல் போடும் இடத்தைத் தயார் செய்யுங்கள். ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்கு லத்தியும் மூத்திரமுமாக 23 கிலோ அளவில் கழிக்கும். மரச்சீவலோடு சேர்த்தால் ஏறத்தாழ 0.07 கன மீட்டர். நான்கு குதிரைக்கு, தடைக்காலமான 107 நாளுக்கு, 30 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மீட்டர் உயரத்தில் சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 5 மீட்டருக்கு 7 மீட்டர் தளம் போதும். மூன்று பக்கம் சுவர், திறந்த பக்கம் டிராக்டர் நுழையும் அகலம். இடம் ஓடை, குளம், ஆற்றிலிருந்து 200 அடிக்கு மேல் தள்ளி, கூரை நீர் வந்து சேராத மேட்டில் இருக்க வேண்டும்.

ஒரு மீட்டருக்குக் குறையாத உயர, அகலம் வந்துவிட்ட குவியல் கடுங்குளிரிலும் உள்ளே 50, 60 டிகிரி சூட்டில் வேகும். அந்தச் சூட்டைக் காப்பதுதான் குளிர்காலத்தின் வேலை. உறைந்த லத்தியை வெளியில் அடுக்கினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். லோடர் பக்கெட்டால் உச்சியில் ஒரு குழி பறித்து, அன்றைய லத்தியை உள்ளே போட்டு, சூடான பழைய லத்தியால் மூடுங்கள். மேலே 30 சென்டிமீட்டர் வைக்கோல் போர்த்துங்கள். பனிக்காலத்தில் குவியலைப் புரட்டவே கூடாது, சேர்த்த சூடு முழுவதும் ஒரே நாளில் போய்விடும். புரட்டுவதைப் பனி உருகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்தில் விழுந்த உருண்டைகளை உறையும் முன் அள்ளிவிடுங்கள். பிளாஸ்டிக் பல் கரண்டி கடுங்குளிரில் ஒடியும், இரும்புக் கரண்டி தேவை.

டிராக்டருக்கும் கவனம் வேண்டும். கோடைக்கால டீசல் மைனஸ் 10 டிகிரி வாக்கில் மெழுகு கட்டத் தொடங்கும். ஃபில்டர் அடைபட்ட பிறகு ஊற்றும் மருந்து பயன் தராது, குளிர்காலக் கலவையை முன்பே நிரப்புங்கள். எஞ்சின் ஹீட்டரை இரண்டு மணி நேரம் முன்பு போடுங்கள். வைக்கோல் கொட்டகையில் மெல்லிய நீட்டிப்பு வயரை இழுத்து அல்ல, தடித்த வயர் கொண்டு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடு கொல்லும். கிளம்பியதும் லோடரைச் சுமையின்றி மெதுவாகப் பத்து நிமிடம் ஏற்றி இறக்குங்கள், ஹைட்ராலிக் எண்ணெய் இளகட்டும். பக்கெட்டில் ஒட்டிய லத்தியை உதற அதைத் தடார் என்று அடித்து ஆட்டுவது சிலிண்டர் பின்னைத் தின்னும். வேலைக்கு முன் உட்புறம் சமையல் எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் ஒட்டாது. இரவில் பக்கெட்டைத் தரையில் படுக்கவிடாமல் பலகைமேல் வையுங்கள்.

ஸ்பிரெடரை இப்போது சுத்தமாகச் சுரண்டி உலர்த்தி, கூரைக்குக் கீழே, சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். கியர்பாக்ஸ் அடி வடிகாலைத் திறந்து, சேர்ந்த நீர் வருகிறதா என்று பார்த்து எண்ணெய் நிரப்புங்கள். சங்கிலிக்கு எண்ணெய் பூசுங்கள். ஏப்ரலில் முதல் சுமை ஏற்றும் முன் வெறும் வண்டியை ஒரு நிமிடம் ஓட்டி, தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் உலர்ந்த மரச்சீவல் பரப்பிய பின்னரே லத்தியைப் போடுங்கள். அந்த மாதத்து இரவுகளிலும் அங்கே உறைபனி விழும்.