வாத்தியார் பதில்கள்: கெரேஸ் எப்படி நனைந்தாள்?

கேள்வி: ஐயா, பழைய ரோமானியக் கவிதை ஒன்றில் ‘அலையில் நனைந்து கெட்ட கெரேஸை வெளியே எடுத்தார்கள்’ என்று வருகிறதாம். கெரேஸ் பெண் தெய்வம்தானே? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகள் கெட்டிக்காரி, அம்மா. அது வெர்ஜிலின் ஈனெயிட் காவியம், முதல் காண்டம். புயலுக்குத் தப்பியவர்கள் கப்பலிலிருந்து எடுத்தது தானியம். கெரேஸ் விளைச்சலுக்குத் தெய்வம். அவள் பெயரையே தானியத்துக்கும் ரொட்டிக்கும் வைத்துவிடுவது லத்தீன் கவிஞர்கள் வழக்கம். அதே காண்டத்தில், அரசி டைடோவின் விருந்தில் கூடை கூடையாகப் பரிமாறுவதும் கெரேஸ்தான். தமிழ் வகுப்பில் ஆகுபெயர் படித்திருப்பாளே, அதே சங்கதி. லயத்து வீடுகளில் பருக்கை சிந்தினால் பாட்டிகள் ‘லட்சுமியை மிதிக்காதே’ என்று அதட்டுவார்களே!

நாடகக்காரர் டெரன்ஸ் ஒரே வரியில் மூன்று தெய்வங்களை இழுக்கிறார்: ‘கெரேஸும் லிபெரும் இல்லாவிட்டால் வீனஸ் குளிர்ந்துபோவாள்.’ அதாவது சாப்பாடும் மதுவும் இல்லையென்றால் காதல் ஆறிப்போகும். (இதை மகளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.)

வேற்றுமை ஏற்றால் பெயர் கொஞ்சம் மாறும்: கெரேஸுடைய என்பது கெரெரிஸ், கெரேஸை என்பது கெரெரெம். ஏப்ரலில் அவளுக்கு நடந்த திருவிழா கெரெயாலியா. காலையில் பால் ஊற்றிச் சாப்பிடும் சீரியலும் அவள் பெயரிலிருந்து வந்ததுதான். ராத்திரி டிவியில் ஓடும் சீரியலுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.